மஞ்சள் பட்டு நீலப் பட்டாகும் வரை: படத்தில் பொருளின் நிறத்தை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

கடுகு மஞ்சளில் ஒரு காஞ்சிப் பட்டுப் புடவை. அதே கரை, அதே முந்தானையுடன் எம்.எஸ். நீலத்திலும் (பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் நீலம்) ஒன்று தறியில் இருந்தது. அது இறங்கப் பத்து நாள் ஆகும், விளம்பரமோ மூன்று நாளில் போயாக வேண்டும். மஞ்சள் புடவையின் படத்தை நீலமாக்கித் தரும்படி கடைக்காரர் கேட்டார். மென்பொருளைத் திறந்தேன், நிறச் சாயல் பட்டையை ஒரே இழுப்பில் நீலத்துக்குக் கொண்டுபோனேன், ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். "இது பட்டு மாதிரியே இல்லையே" என்று ஒரே வரியில் பதில் வந்தது. திறந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். நெகிழித் தாளை மடித்து வைத்ததுபோல அந்த நீலம் கண்ணைப் பறித்தது, சரிகையும் நீலமாகியிருந்தது, மாடலின் கழுத்தடியில் மட்டும் பழைய மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் புடவையையே எடுத்துக்காட்டாக வைத்து முழு வேலையையும் இங்கே சொல்கிறேன். கார், சுவர், சோபா, சட்டை எதுவானாலும் முறை இதுதான். பட்டில் செய்யக் கற்றவருக்கு மற்றவை எளிது. மடிப்பு, மினுமினுப்பு, சரிகை, இரட்டை நிறம் என்று கஷ்டங்கள் எல்லாம் பட்டிலேயே இருக்கின்றன.

நான் பயன்படுத்துவது கிம்ப். 1995இல் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. இன்றும் இலவசம், பழைய கணினியிலும் ஓடும். கீழே சொல்லும் படிகள் 2.10 பதிப்புக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் பொருந்தும். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு வேறுபடும் இடங்களை இறுதியில் குறித்திருக்கிறேன்.

பட்டையை இழுத்தால் ஏன் கெடுகிறது

முதலில் இதைப் புரிந்துகொண்டால், பிறகு வரும் ஒவ்வொரு படியும் எதற்காக என்று விளங்கிவிடும்.

கணினி ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாக வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கடுகு மஞ்சளில் ஒரு புள்ளியைத் தொட்டால் 225, 173, 1 என்பதுபோல வரும். சாயல் பட்டையை 180 பாகை, அதாவது நிறச் சக்கரத்தின் நேர் எதிர்ப்பக்கத்துக்கு, திருப்புங்கள். அது 1, 53, 225 ஆகும். கணக்குப்படி இரண்டுக்கும் ஒளிர்வு ஒன்றுதான், செறிவும் ஒன்றுதான். மென்பொருள் தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது.

நம் கண் அப்படிக் கணக்குப் போடுவதில்லை. வெளிச்சம் என்று நாம் உணர்வதில் ஏறக்குறைய 59 சதவீதம் பச்சையிலிருந்தும், 30 சதவீதம் சிவப்பிலிருந்தும், 11 சதவீதம் மட்டுமே நீலத்திலிருந்தும் வருகிறது. பழைய தொலைக்காட்சித் தரம் இந்த விகிதத்தைத்தான் கையாண்டது. இதன்படி கூட்டினால் அந்த மஞ்சளின் வெளிச்சம் 169. நீலத்தின் வெளிச்சம் 57. மூன்றில் ஒரு பங்கு! அதே நேரத்தில் மஞ்சளுக்கு இயல்பாக இருந்த செறிவு நீலத்துக்கு மிக அதிகம். கடைத்தெருவில் எந்த நீலப் பட்டும் 1, 53, 225 என்று ஒளிர்வதில்லை.

அடுத்தது மினுமினுப்பு. பட்டின் மடிப்பு உச்சியில் தெரியும் பளபளப்பு, விளக்கின் ஒளி நேராகத் தெறித்து வருவது. அதில் சாயத்தின் பங்கு மிகக் குறைவு, விளக்கின் நிறமே பெரும்பங்கு. மஞ்சள் புடவையானாலும் நீலப் புடவையானாலும் அந்த இடம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருக்கும். பட்டையை இழுக்கும்போது அந்த வெள்ளையில் இருந்த இளமஞ்சளும் நீலமாகிவிடுகிறது. பட்டு என்ற உணர்வு அங்கேதான் செத்துப்போகிறது. சரிகை இதற்கு நேர்மாறு. உலோகத்தில் தெறிக்கும் ஒளிக்கு உலோகத்தின் நிறமே வரும். ஆகவே சரிகையின் ஒவ்வொரு மினுக்கும் பொன்னாகவே இருக்க வேண்டும், ஒரு புள்ளிகூட மாறக்கூடாது.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஜேபெக் கோப்புகள் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்துடனும், நிறத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதி நுணுக்கத்துடனும்தான் சேமிக்கின்றன. பார்க்கும்போது தெரியாது. நிறத்தை மாற்றும்போது கரையோரங்களில் கட்டம் கட்டமாக வெளியே வரும். கேமராவின் மூலக்கோப்பு கிடைத்தால் அதைக் கேளுங்கள். இல்லையென்றால் மறுபடி சுருக்கப்படாத முதல் ஜேபெக்கையாவது கேளுங்கள்.

நீங்களே படம் எடுக்கும் நிலையில் இருந்தால் என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன்: நிறம் மாற்றுவதற்கான அடிப்படைப் படத்தை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புப் புடவையில் எடுக்காதீர்கள். நிறச் சக்கரத்தில் மனிதத் தோலின் சாயல் ஏறக்குறைய 10 முதல் 40 பாகைக்குள் இருக்கிறது. சரிகை அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புடவையும் அங்கேயே இருந்தால் மூன்றையும் பிரிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். கிளிப்பச்சையிலோ வாடாமல்லியிலோ எடுத்த படம் என்றால் மென்பொருளே பாதி வேலையை முடித்துத் தரும். எனக்கு வந்தது கடுகு மஞ்சள். தேர்வு என் கையில் இல்லை.

கணினித் திரையில் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். படத்தின் வெண்மைச் சமநிலையையும் முதலிலேயே சரிசெய்துவிடுங்கள். பிறகு செய்தால் மாற்றிய நிறமும் சேர்ந்து நகரும்.

படி 1: அடித்தளம்

படத்தைத் திறந்ததும் 'இமேஜ்' மெனுவில் 'பிரிசிஷன்' என்பதை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். நிறத்தை வெகுதூரம் நகர்த்தும்போது மடிப்பு நிழல்களில் பட்டைபட்டையாகக் கோடு விழாமல் இருக்க இது உதவும்.

லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுங்கள். அடியில் இருக்கும் மூலத்தைக் கடைசிவரை தொடக்கூடாது. இப்போது 'நியூ லேயர் குரூப்' மூலம் ஒரு தொகுப்பு உருவாக்கி, நகலை அதற்குள் இழுத்துவிடுங்கள். மாஸ்க்கை (மாற்றம் எங்கே தெரிய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பை) லேயருக்குப் போடாமல் இந்தத் தொகுப்புக்கே போடப்போகிறோம். அப்படிச் செய்தால் உள்ளே எத்தனை லேயர் சேர்த்தாலும் ஒரே மாஸ்க் போதும். இந்த வழியைக் கண்டுகொள்ளும் முன்பு ஒவ்வொரு லேயருக்கும் தனித்தனியாக மாஸ்க் வரைந்து நான் செலவழித்த இரவுகள் அதிகம்.

படி 2: மாஸ்க்

மொத்த நேரத்தில் முக்கால்வாசி இங்கே போகும். போகட்டும். மாஸ்க் சரியாக அமைந்துவிட்டால் மற்றது அரை மணி நேர வேலை.

'ஃப்ரீ செலக்ட்' கருவியால் புடவையின் வெளிக்கோட்டைச் சுற்றி வாருங்கள். வளைவுகளில் நெருக்கமாகவும் நேர்க்கோடுகளில் தள்ளித் தள்ளியும் சொடுக்கினால் போதும். சுற்றி முடித்ததும் 'செலக்ட்' மெனுவில் 'ஃபெதர்' கொடுத்து ஓரத்தை 1 அல்லது 2 புள்ளி அளவுக்கு மென்மையாக்குங்கள். பிறகு தொகுப்பின் மேல் 'ஆட் லேயர் மாஸ்க்' கொடுத்து, அதில் 'செலக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் மாற்றம் தெரியும், கறுப்பில் மறையும், சாம்பலில் பாதியாக இருக்கும்.

இனி தூரிகை. கறுப்பு, வெள்ளை இரண்டையும் மாற்றி மாற்றி எடுக்க 'எக்ஸ்' விசை. படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓரம் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்து திருத்துங்கள். தூரிகையின் மென்மை எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கக்கூடாது. கேமராவின் குவியத்தில் இருக்கும் தோள்பட்டை ஓரம் கூர்மையாக இருக்கும். பின்னால் தொங்கும் முந்தானையின் ஓரம் மங்கலாக இருக்கும். படத்தில் ஓரம் எவ்வளவு மங்கலோ அவ்வளவே மாஸ்க்கிலும் மங்கல்.

காஞ்சிப் பட்டுக்கு மட்டும் உரிய ஒரு நுணுக்கம். கோர்வைப் புடவையில் உடலும் கரையும் வெவ்வேறு நிற ஊடைநூலால் (குறுக்கு நூலால்) நெய்யப்பட்டு, சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோக்கப்படுகின்றன. மூன்று நாடாக்கள் (ஊடைநூலைக் குறுக்கே கொண்டுசெல்லும் தறிக்கருவிகள்) வைத்து நெய்யும் முறை அது. உடலின் ஊடை ஒன்று, இரு கரைகளின் ஊடை இரண்டு. நூல் நூலாகக் கோத்து வருவதால் அந்தச் சேர்க்கைக் கோடு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருக்காது. மெல்லிய பல் பல்லாக இருக்கும். கரையை விட்டுவிட்டு உடலை மட்டும் மாற்றும்போது அந்தப் பல் வரிசையைப் பின்பற்றுங்கள். நேர்க்கோடு போட்டால், நெசவு தெரிந்தவர் ஒரே பார்வையில் படம் பொய் என்று சொல்லிவிடுவார். நான் இந்த இடத்தில் 3 புள்ளி அளவுத் தூரிகைக்கு மேல் எடுப்பதில்லை.

சரிகைப் புட்டாக்களுக்கு (உடலில் பரவியிருக்கும் சிறு சரிகை உருவங்களுக்கு) 'செலக்ட் பை கலர்' கருவியை முயன்று பாருங்கள். பச்சைப் புடவையில் நாலைந்து சொடுக்கில் எல்லாப் புட்டாவும் பிடிபட்டுவிடும். அவற்றை மாஸ்க்கில் கறுப்பால் நிரப்பினால் முடிந்தது. மஞ்சள் புடவையில் அது நடக்காது. நிறம் காட்டிக்கொடுக்காத இடத்தில் வெளிச்சம் காட்டிக்கொடுக்கிறதா என்று பாருங்கள்: சரிகை பெரும்பாலும் துணியைவிட மிக வெளிச்சமாகவோ மிக இருட்டாகவோ இருக்கும், நடுத்தரமாக இருப்பது அரிது. அப்படியும் பிடிபடாதவற்றைக் கையால்தான் வரைய வேண்டும். அன்றைக்கு நான் 64 புட்டாக்களைக் கையால் வரைந்தேன்.

படி 3: எந்த வழியில் மாற்றுவது

இங்கே இரண்டு பாதைகள். எதில் போவது என்பதைத் துணியே சொல்லும்.

பாவு (நெடுக்கு நூல்) ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த இரட்டை நிறப் பட்டுத்துணியைக் கூர்ந்து பாருங்கள். மயில் கழுத்து நிறம் இந்த வகைதான். ஒரு மடிப்பில் நீலம் தெரியும், அடுத்த மடிப்பில் பச்சை எழும். இதை மாற்றும்போது இரண்டு நிறங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி அப்படியே காக்கப்பட வேண்டும். அதற்கு 'கலர்ஸ்' மெனுவில் உள்ள 'ஹியூ-சாச்சுரேஷன்' அல்லது 'ஹியூ-குரோமா' தான் ஏற்றது. எல்லாச் சாயலையும் ஒரே கோணத்தில் திருப்புவதால் இரட்டைத்தன்மை பிழைத்துக்கொள்ளும். பழைய நிறமும் புதிய நிறமும் வெளிச்சத்தில் நெருக்கமாக இருக்கும்போதும் இதுவே போதும்: அரக்கிலிருந்து கத்தரிப்பூ நிறத்துக்கு, பச்சையிலிருந்து நீலத்துக்கு என்பதுபோல.

ஒற்றை நிறப் பட்டுத்துணியின் நிறத்தை வெகுதூரம் கொண்டுபோக வேண்டும் என்றால், மஞ்சளை நீலமாக்குவதுபோல, நான் இரண்டாம் பாதையில் போவேன். தொகுப்புக்குள், நகலுக்கு மேலே ஒரு புதிய லேயர். அதை வேண்டிய நிறத்தால் நிரப்புங்கள். அதன் 'மோட்' என்பதை 'எல்சிஎச் கலர்' என்று மாற்றுங்கள். மேல் லேயரின் நிறமும் கீழ் லேயரின் வெளிச்சமும் சேர்ந்து தெரியும். இந்த முறையில் வெளிச்சத்தைக் கண் உணரும் விதத்திலேயே கணக்கிடுவதால் மடிப்புகள் ஒன்றும் தொலைவதில்லை.

முதல் தடவை செய்பவர்கள் இங்கே ஏமாற்றமடைவார்கள். ஆழ்ந்த நீலம் கேட்டால் வெளிறிய வான நீலம் வந்து நிற்கும். மஞ்சளின் வெளிச்சம் அப்படியே காக்கப்பட்டதால்தான் அப்படி. பதறாமல் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 4: வெளிச்சத்தை இறக்குதல்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தொகுப்புக்குள் இருக்கும் நகல் லேயரைத் தேர்ந்தெடுத்து, 'கலர்ஸ்' மெனுவில் 'கர்வ்ஸ்' திறவுங்கள். மூலைவிட்டமாக ஒரு கோடு இருக்கும். வலது மேல் மூலையை அசைக்காதீர்கள், அதுதான் மினுமினுப்பு. மேலிருந்து கால்வாசித் தொலைவில் ஒரு புள்ளி வைத்துச் சிறிதளவு கீழே இறக்குங்கள். நடுவில் ஒரு புள்ளி வைத்து நன்றாக இறக்குங்கள். கோடு தொய்ந்த ஊஞ்சல் கயிறுபோல வளைய வேண்டும். வெளிறிய நீலம் கண்ணெதிரே ஆழ்ந்து இறங்கும். மடிப்பு உச்சிகளின் வெள்ளை மட்டும் அப்படியே நிற்கும். ஆழ்ந்த நிறப் பட்டு விளக்கடியில் இருக்கும் விதமும் இதுதான்: உடல் இருட்டு, உச்சியில் வெள்ளி.

எதிர்த்திசையில், ஆழ்ந்த நிறத்திலிருந்து சந்தன நிறத்துக்குப் போவதானால் கோட்டை மேல்நோக்கி வளைக்க வேண்டும். நிழல்களில் புள்ளிப் புள்ளியாக இரைச்சல் எழும். ஓரளவுக்கு மேல் இது தாங்காது. வெளிர் நிறத்தை ஆழமாக்குவது எளிது, ஆழ்ந்ததை வெளிராக்குவது கடினம். படம் எடுக்கும் நாளிலேயே இதை மனத்தில் வையுங்கள்.

நிற லேயரின் செறிவையும் இப்போது பாருங்கள். நீலமும் ஊதாவும் கொஞ்சம் செறிவு மிகுந்தாலே விளம்பர விளக்குபோல ஆகிவிடும். லேயரின் 'ஒப்பாசிட்டி'யை 100இலிருந்து 85 வரை இறக்கிப் பாருங்கள். பழைய நிறம் லேசாக எட்டிப் பார்த்தால் ஒப்பாசிட்டியைத் திரும்ப 100க்கு ஏற்றிவிட்டு, நிரப்பிய நிறத்தையே மங்கலாக்குங்கள்.

வெள்ளைப் பொருளுக்கும் கறுப்புப் பொருளுக்கும் தனிவழி. வெள்ளைச் சட்டையில் திருப்புவதற்குச் சாயலே கிடையாது. ஆகவே நிற லேயரின் மோட் 'மல்டிப்ளை' ஆக இருக்கட்டும், துணியின் நிழல் தானாகவே கீழிருந்து வரும். கறுப்பில் முதலில் கர்வ்ஸால் வெளிச்சத்தை எழுப்பிவிட்டுத்தான் நிறம் போட முடியும். கன்னங்கரேலென்று விவரமே இல்லாத கறுப்பை வெளிர் நிறமாக்கித் தரும்படி யாராவது கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவது நல்லது.

படி 5: சுற்றுப்புறம்

புடவை தன் நிறத்தைச் சுற்றிலும் வீசுகிறது. தாடையின் அடிப்பக்கம், முன்கையின் உள்புறம், வெள்ளைத் தரை, பக்கத்தில் உள்ள பித்தளைக் குத்துவிளக்கு எல்லாவற்றிலும் அது விழுந்திருக்கும். மஞ்சள் போய்விட்டது, அதன் எதிரொளி மட்டும் நிற்கிறது என்றால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே ஏதோ உறுத்தும்.

தொகுப்புக்கு மேலே ஒரு வெற்று லேயர். அதற்கும் மோட் 'எல்சிஎச் கலர்'. பக்கத்தில் எதிரொளி விழாத தோலின் நிறத்தை எடுத்து, பெரிய மென்மையான தூரிகையால், 15 சதவீத ஒப்பாசிட்டியில் தாடையடியில் தடவுங்கள். மஞ்சள் மறைந்ததும், புடவையின் புது நீலத்தை அதைவிடவும் மெல்லியதாக ஒருமுறை தடவுங்கள். தரையில் இன்னும் எளிது. குத்துவிளக்கில் புடவையின் பிம்பமே தெரிகிறது என்றால் அதையும் மாஸ்க்கில் சேர்த்துவிடுங்கள்.

படி 6: சரிபார்த்தல்

படத்தைத் தற்காலிகமாகக் கறுப்பு-வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் இல்லாமலும் அது பட்டாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் தவறு நிறத்தில் இல்லை, நான்காம் படியின் வளைவில் இருக்கிறது. அடுத்து, படத்தை இடவலமாகத் திருப்புங்கள். நெடுநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தப்பிய ஓரப் பிசிறுகள் பளிச்சென்று தெரியும். பிறகு கைப்பேசியில் பாருங்கள். வாங்குபவர் அங்கேதான் பார்க்கப்போகிறார்.

லேயர்களுடன் கூடிய கோப்பை எக்ஸ்சிஎஃப் வடிவில் சேமியுங்கள். அனுப்புவதற்கு 'எக்ஸ்போர்ட் ஆஸ்' வழியாக எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (பெரும்பாலான திரைகளும் செயலிகளும் எதிர்பார்க்கும் நிற வரையறையில்) ஜேபெக். அடோபி ஆர்ஜிபியில் அனுப்பினால், நிறவெளியைக் கவனிக்காத செயலிகளில் நிறம் சோகை பிடித்ததுபோலத் தெரியும்.

ஃபோட்டோஷாப்பிலும் கைப்பேசியிலும்

ஃபோட்டோஷாப்பில் நகலைத் தொடத் தேவையில்லை. 'ஹியூ/சாச்சுரேஷன்', 'கர்வ்ஸ்' இரண்டையும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களாகப் போட்டு, ஒரு தொகுப்பில் வைத்து மாஸ்க் கொடுங்கள். தெரிவுக்கு 'ஆப்ஜெக்ட் செலக்ஷன்' கருவி முதல் வெளிக்கோட்டை விரைவாகத் தரும். கோர்வைப் பல்லையும் புட்டாவையும் அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். 'எல்சிஎச் கலர்' அங்கே இல்லை. 'கலர்' மோட் நெருக்கமானது. கைப்பேசி லைட்ரூமில் எட்டு நிறங்களுக்குத் தனித்தனிப் பட்டைகள் உண்டு. புடவையின் நிறம் படத்தில் வேறெங்கும் இல்லாதபோது, சிறிய மாற்றத்துக்கு அது போதும்.

நூலோடு ஒப்பிடுதல்

மாற்றிய படத்தைப் பார்த்து ஒருவர் பணம் கொடுக்கப்போகிறார். அதனால் நிறத்தை நினைவிலிருந்து எடுப்பதில்லை என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். எம்.எஸ். நீலம் என்றால் ஒவ்வொருவர் மனத்திலும் ஒவ்வொரு நீலம். சுப்புலட்சுமி அம்மையார் உடுத்தியதைக் கண்ணால் பார்த்தவர்களிடையேகூட ஒத்த கருத்து இருக்காது. நெசவாளரிடமிருந்து சாயமிட்ட நூலில் ஒரு சிறு கற்றை வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் முதல் படம் எடுத்த அதே விளக்கடியில் அதையும் படமெடுத்து, நிறத்தை அதிலிருந்து எடுங்கள். கருவியின் 'சாம்பிள் ஆவரேஜ்' வசதியை இயக்கி, நூலின் நடுத்தர வெளிச்சப் பகுதியில் பல புள்ளிகளின் சராசரியை எடுக்க வேண்டும். ஒற்றைப் புள்ளி ஏமாற்றும்.

அன்று நான் இரண்டாம் முறை செய்த படத்தைக் கடைக்காரர் ஏற்றுக்கொண்டார். பத்து நாள் கழித்து நீலப் புடவை தறியிலிருந்து இறங்கியதும், அதைச் சன்னலோர வெளிச்சத்தில் விரித்துத் திரையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிழல்களும் உடலும் ஒத்துப்போயின. மடிப்புகளின் மேல்பகுதியில், வெள்ளைக்குச் சற்று முன்பு, என் நீலம் மட்டும் ஊதாவின் பக்கம் சாய்ந்திருந்தது. எல்சிஎச் கணக்கில் நீலத்தை வெளிச்சமாக்கினால் அது ஊதாவாக நகரும். அந்த முறைக்கே உள்ள குறை அது. நிற லேயரை நகலெடுத்து, அதன் சாயலைப் பச்சைப் பக்கமாக 8 பாகை திருப்பி, வெளிச்சமான பகுதிகளில் மட்டும் தெரியும்படி அதற்குத் தனி மாஸ்க் போட்டேன். பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போடும்படி அன்று மாலையே அனுப்பினேன்.